பெடல் திரும்பி வருதா

அந்த ஜீப்பின் டயர் என் மனைவியின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் அந்த டயர்களோடு அது முதல்முறை நுழைந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வெளியே சாத்தி வைத்திருந்த சைக்கிளை அவசரமாக உள்ளே தூக்கிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று, ஏதோ நானே பெற்றெடுத்ததுபோல் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம் அது.

அப்போது நான் பஞ்சாலையில் மிஷின்களைப் பிரித்துப் பூட்டுகிற பிட்டராக இருந்தேன். இருபது வருஷ சர்வீஸ். சுற்றுகிற எதுவும் எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. வாய் நீளம், கோபம் அதைவிட நீளம் என்று என் மனைவி சொல்வாள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்வாள், தலை நிமிராது.

ஜீப்பை ஓட்டியவன் அவள் தம்பி, என் மச்சினன். அவர்களுக்குப் பெற்றோர் சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். அவள்தான் அவனை வளர்த்தாள். கல்யாணமாகி என் வீட்டுக்கு வரும்போது கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். சீர்வரிசை எங்கே என்று யாராவது கேட்டால் அவனைக் காட்டுவாள். அவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முதலாளி லாரியை விற்றுவிட்டார். சும்மா உட்கார்ந்திருந்தவன் ஒரு யோசனை சொன்னான். பிள்ளைச்சாவடியில் கரைக்கு வரும் மீன், ரோட்டில் நிற்கிற வண்டிக்கு வந்து சேர்வதற்குள் மணலில் பாதி நேரம் போய்விடுகிறது. மணலிலேயே இறங்கக்கூடிய வண்டி ஒன்று இருந்தால், போகும்போது ஐஸ், வரும்போது மீன்.

பக்கத்தில் சாரம் என்கிற பகுதியில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப் ஒன்று அவர் வீட்டு முருங்கை மரத்தடியில் நின்றது. அதை நாங்கள் வாங்கினோம். அதன் சொந்த டயர் மணலில் புதைந்து வயிறு தட்டியது. அதனால் பழைய லாரியில் இருந்து கழற்றிய பெரிய டயர்களைப் பொருத்தினோம். மட்கார்டை வெட்டி, விளிம்பைச் சுத்தியலால் மடக்கி, ஒருவழியாக உள்ளே நுழைத்தோம். வண்டியைக் கொடுத்த அன்றே சொல்தா சொல்லியிருந்தார்.

"டயரு பெரிசா போட்டா ஃப்ரேனையும் மாத்தணும், தெரியுதா? இல்லாட்டி நிக்காது."

பிரேக்கை அவர் ஃப்ரேன் என்றுதான் சொல்வார். ஐயாவுக்குப் பதில் முசியே என்றால் அவருக்குப் பிடிக்கும். "பண்ணிடலாம் முசியே" என்று சொல்லிவிட்டு நான் மறந்துபோனேன்.

மறந்ததற்குக் காரணம் அந்த மணல். பெரிய டயரோடு முதல் நாள் பிள்ளைச்சாவடிக் கரையில் மச்சினன் வண்டியை இறக்கினான். கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். மனிதன் நடந்தாலே கணுக்கால் வரை புதைகிற மணல் அது. ஜீப் அதன் மேல் மெதுவாக, அலட்சியமாக ஏறி வந்தது. ஒவ்வொரு டயரும் மணலில் பெரிய பெரிய கட்டங்களாகத் தடம் பதித்துக்கொண்டு போனது. வாயடைத்துப் போய் நின்றேன். எனக்கு வாயடைப்பது என்றால் சாதாரண விஷயமில்லை.

நிற்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மணலில் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வண்டி நின்றுவிடும். ரோடு அப்படியா? பத்து நாள் போயிருக்கும். மீன் கூடைகளோடு மரக்காணம் சாலையில் வந்துகொண்டிருந்த மச்சினன், மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியதைப் பார்த்துப் பிரேக்கை மிதித்திருக்கிறான். வண்டி கேட்கவில்லை. மறுபடி மிதித்தான். மூன்றாவது மிதியில் கொஞ்சம் வேகம் குறைந்தது. வீடு கட்டுவதற்காக யாரோ ரோட்டோரம் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் ஏறி நின்றது. மாட்டுக்கும் ஒன்றுமில்லை, இவனுக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் சேதி என் மனைவியிடம் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அவன் வந்து இறங்கியதும் சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

"பிரேக்கு சரியாகுற வரைக்கும் இவன் அதுல ஏறக் கூடாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு இவன் ஒருத்தன்தான். நீங்கதான டயர மாத்துனீங்க. நீங்களே பாருங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றேன். சொன்னது இரண்டு வார்த்தைதான். அந்த இரண்டு வார்த்தையில் ஓர் உயிரை நான் வாங்கி வைத்துக்கொண்டது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் எனக்கே புரியவேண்டும் அல்லவா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். மனைவியைப் பெடலைச் சுற்றச் சொன்னேன். பின்சக்கரத்தின் வெளி விளிம்பில் ஒரு விரலை வைத்தேன், சக்கரம் நின்றது. மறுபடி சுற்றச் சொல்லி, இந்தத் தடவை நடுவில் இருக்கும் குடத்தைக் கையால் பிடித்தேன். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம், சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது. ஜீப்பின் பிரேக் இருப்பது அந்த நடுவில்தான். டிரம் என்கிற இரும்புக் கிண்ணத்துக்குள் இரண்டு பிறை வடிவக் கட்டைகள் விரிந்து உரசிப் பிடிக்கின்றன. வெளியே டயர் பெரிதாகப் பெரிதாக, நடுவில் இருக்கும் பிரேக்குக்குப் பலம் போதாமல் போகிறது. இது புரிந்தபோது எனக்குச் சொல்தாவின் மேல் கோபம் வந்தது. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

மெட்ராசுக்கு பஸ் ஏறி, புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். எங்கள் ஜீப்பில் இருந்தது ஒன்பது அங்குல டிரம். பிற்பாடு வந்த வண்டிகளில் பதினோரு அங்குலம். ஒன்றுபோல் நான்கும் கட்டைகளோடு கிடைக்க மாலையாகிவிட்டது. கூடவே பெடலுக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் அதற்குத் தகுந்தாற்போல் வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் கோணியில் கட்டி பஸ்ஸில் ஏற்றியபோது, "இன்னாய்யா, கோயில் மணியா?" என்று கண்டக்டர் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்குப் பதில் சொல்லியிருந்தால் திண்டிவனத்தில் இறக்கி விட்டிருப்பார்.

வேலையை மில் முறையில்தான் செய்தேன். டிரம்மின் உட்புறம் முழுக்க சாக்பீஸைப் பூசினேன். கட்டைகளை மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லேசாகப் பிரேக்கைப் பிடிக்கவைத்துத் திறந்து பார்த்தேன். கட்டையில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அந்த இடம் மேடு. அதை அரத்தால் ராவினேன். மறுபடி சாக்பீஸ், மறுபடி சுற்று, மறுபடி அரம். ஒரு சக்கரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் கட்டை முழுவதும் ஒரே சீராக வெள்ளை படிந்து வந்தபோது, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "மாவு கோலம் மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டாள்.

பிறகு காற்று எடுக்க வேண்டியிருந்தது. மிதிக்கிற காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது குழாய்க்குள் இருக்கும் பிரேக் ஆயில். அதில் துளிக் காற்று கலந்திருந்தாலும் பெடல் பஞ்சாக அமுங்கும், சக்கரம் பிடிக்காது. ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் கீழே சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அன்று மச்சினன் ஐஸ் கம்பெனிக்குப் போயிருந்தான். வேறு வழியில்லாமல் மனைவியை ஏறி உட்காரச் சொன்னேன். டிரைவர் சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. புடவைக் கொசுவத்தை ஒதுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலைப் பெடலில் வைத்தாள்.

"மிதி!"

"மிதிச்சிட்டேன்."

"புடி, உடாத!"

"புடிச்சிருக்கேன். கத்தாதீங்க."

திருகில் ரப்பர் குழாய் மாட்டி விட்டிருந்த கண்ணாடிப் பாட்டிலுக்குள் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. திருகை மூடிவிட்டு "உடு" என்பேன், அவள் காலை எடுப்பாள். இப்படியே நான்கு சக்கரம், ஒரு மதியம் முழுக்க. வருஷக்கணக்காகத் தையல் மிஷின் மிதித்த கால் அல்லவா, ஒரே அளவாக இறங்கியது, ஒரே அளவாக ஏறியது. "இப்ப பஞ்சு மாதிரி இல்ல, பலகை மாதிரி இருக்குது" என்று அவள் சொன்ன அதே நேரத்தில்தான் பாட்டிலில் குமிழ் நின்றது. எனக்குக் கண்ணால் பார்த்துத் தெரிந்தது அவளுக்குக் காலால் தெரிந்திருந்தது.

பிரேக் ஆயில் டப்பா காலியாகிவிட்டிருந்தது. மாஸ்டர் சிலிண்டரின் மேலே இருக்கும் கிண்ணத்தில் இன்னும் முக்கால் பாகம் நிரம்பவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. மறுநாள் காலை மீனுக்குப் போகவேண்டும் என்று திரும்பி வந்த மச்சினன் ஒற்றைக்காலில் நின்றான்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் தெருவில் மில்காரர் வீடு எதற்குள் போனாலும் ஒரு பாட்டில் ஸ்பிண்டில் ஆயில் இருக்கும். நூற்கும் கதிருக்கு விடுகிற எண்ணெய். தண்ணீர்போல் மெலிசு, துளி அழுக்கு இருக்காது. அதைத் தையல் மிஷினுக்கு விடுவோம், கதவுக் கீலுக்கு விடுவோம், சைக்கிள் செயினுக்கு விடுவோம். எதிர்வீட்டுக்காரர் முழங்கால் வலிக்கே தடவிக்கொள்வார். உலகத்தில் அதைவிட உசத்தியான எண்ணெய் இல்லை என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. ஆயிரம் கதிரைச் சுற்றவைக்கிற எண்ணெய் நாலு சக்கரத்தை நிறுத்தாதா? மனைவியின் மிஷின் மேல் இருந்த பாட்டிலை எடுத்து வந்து கிண்ணத்தை நிரப்பினேன். பிரேக் ஆயில் டப்பாவின் மேல் பொடி எழுத்தில் என்னவோ போட்டிருந்தது. நான் படிக்கவில்லை.

அன்று மாலையே ஓட்டிப் பார்த்தோம். மரக்காணம் சாலையில் நல்ல வேகம் எடுத்ததும், "இப்ப அடி!" என்றேன். மச்சினன் மிதித்தான். அவ்வளவு பெரிய வண்டி மூக்கைத் தாழ்த்தி, நான்கு சக்கரத்தாலும் ரோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் கண்ணாடிமேல் போய் முட்டிக்கொண்டேன். நெற்றி வலிக்கவே இல்லை. மனிதன் ஒருவன் பாதத்தை நாலு விரற்கடை நகர்த்துகிறான். ஒரு டம்ளர் திரவம் அதைக் கேட்டு மூலைக்கு மூலை கொண்டு போகிறது. அத்தனை இரும்பும் ரப்பரும் சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கின்றன. இருபது வருஷம் மிஷின்களோடு இருந்தவன் நான். ஓடுவதைத்தான் இதுநாள்வரை அதிசயமாகப் பார்த்திருக்கிறேன். நிற்பது அதைவிடப் பெரிய அதிசயம் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாளில் இருந்து என் மனைவி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். தம்பி கிளம்புவதற்கு முன் வண்டியில் ஏறி ஒருமுறை பெடலை மிதித்து, எடுத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் சாவி. திங்கள் சரியாக இருந்தது, செவ்வாயும் சரியாக இருந்தது. புதன்கிழமை காலையில் மிதித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, பெடலு சரியா திரும்பி வர்லீங்க."

"வருதுல்ல?"

"வருது. ஆனா சோம்பேறித்தனமா வருது. நேத்து இப்படி இல்ல."

மில்லின் முதல் சங்கு ஊதிவிட்டது. எனக்கு ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. "இருவது வருஷம் பிட்டரு நானு. நீ கால வச்சுப் பாத்துட்டு எனக்குச் சொல்றியா? எறங்கு கீழ" என்று கத்தினேன். தெருவே கேட்டது. அவள் இறங்கினாள். சாவியைத் தம்பியிடம் தரவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான்தான் அதை அவனிடம் கொடுத்தேன்.

மதியத்துக்கு முன்பே மில் வாசலில் ஆள் வந்துவிட்டது. "உன் மச்சினன் ஜீப்பு சவுக்குத் தோப்புக்குள்ள பூந்துடுச்சு" என்றான் வந்தவன். ஆளுக்கு என்ன ஆச்சு என்றுகூடக் கேட்காமல் சைக்கிளை எடுக்க ஓடினேன். அவனும் சொல்லாமலே போய்விட்டான். சைக்கிளை மிதித்துக்கொண்டு வடக்கே போன அந்த வழி நெடுக, சாவியை வாங்கிக்கொள்ள அவன் நீட்டிய கைதான் கண்ணில் நின்றது. பயம் என்றால் என்ன என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அவன் ஒரு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு அவன் தலையையும் முதுகையும் தடவிப் பார்த்தேன். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

நடந்தது இதுதான். திரும்பி வரும்போது வண்டி இழுக்கமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறது. லோடு அதிகம் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தியிருக்கிறான். கருகுகிற நாற்றம் வந்தது. எதிரே பஸ் வந்தபோது பிரேக்கை மிதித்தான். கொதித்துப் போயிருந்த டிரம் பிடிக்கவில்லை. வண்டியை ரோட்டில் இருந்து ஒடித்துத் தோப்புக்குள் விட்டான். அங்கே மணல். மணல்தான் நிறுத்தியது.

"லோடு ஜாஸ்தி ஏத்திட்டேன் மாமா, என் தப்புதான்" என்றான். "அக்காகிட்ட பஞ்சருன்னு சொல்லிடலாம்."

நான் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வாஷர், ஊறிய கொண்டைக்கடலைபோல் வீங்கியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஸ்பிண்டில் ஆயில் வாசனை. எனக்குப் பழகிய, எனக்குப் பிடித்த வாசனை. அந்த எண்ணெய் பட்டு ரப்பர் ஊதி, ஆயில் திரும்பி வருகிற துளையை அடைத்துவிட்டது. மிதித்த பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் அந்த வாஷர் ஒரு நெல் அளவுக்குத்தான் வீங்கியிருக்கும். இரும்புக்குள் மூடிக் கிடந்த அந்த நெல்லளவை என் மனைவி பாதத்தால் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். அந்த ரப்பர் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெட்கம் ஒரு பக்கம். அதைவிட அதிகமாக இருந்தது பிரமிப்பு.

பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். மச்சினன் காட்டிக் கொடுத்திருக்கமாட்டான், அவனுக்கே உண்மை தெரியாது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் மிஷினில் இருந்தாள். மிஷின் மேல் அந்தப் பாட்டில் இருந்தது. வாஷரை அதன் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், தோப்பு, பஸ், எல்லாம். தம்பிக்கு ஒன்றுமில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான்.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள்.

"காத்தால நான் சொன்னப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா ஏன் கத்துனீங்க?"



எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன். ஒரு வாஷர் மிச்சமில்லாமல் புதிதாக மாற்றினேன். குழாய்களைச் சாராயம் விட்டுக் கழுவு என்று தெருவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எங்கள் ஊரில் எதற்கும் அந்த யோசனை வரும். எங்கள் பக்கத்துச் சாராயத்தில் தண்ணீர்தான் பாதி என்று சொல்லி, மர பாலிஷ் போடுகிற ஆசாரியிடம் ஸ்பிரிட் வாங்கிக் கழுவினேன். சைக்கிள் பம்பால் ஊதி உலர்த்தினேன். பிரேக் ஆயில் டப்பாவில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தேன். காற்று எடுக்க அவளைக் கூப்பிட்டபோது வந்து ஏறிக்கொண்டாள். இந்தத் தடவை நான் கத்தவில்லை.

ஓட்டிப் பார்க்கிற நாள் காலையில் அவள் ஓர் எலுமிச்சம்பழத்தோடு கிளம்பினாள். முதல் பயணத்தில் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்குவார்கள், எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வைக்கத்தான் கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். மரக்காணம் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினோம். மீன் லோடுக்குச் சமமாக மணல் மூட்டைகள் ஏற்றியிருந்தோம். அவள் பழத்தை எடுத்துக்கொண்டு ரோட்டில் வெகுதூரம் நடந்துபோய், நடுவில் வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினாள்.

"வேகமா வா" என்று தம்பியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பழம் நசுங்கக் கூடாது."

யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. நானாகத்தான் நடந்துபோய் பழத்துக்குப் பின்னால், வண்டிக்கு எதிரே நின்றேன். மச்சினன் தூரத்தில் இருந்து கையை ஆட்டி விலகச் சொன்னான். நான் விலகவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள்.

வண்டி கிளம்பியது. நம்மை நோக்கி வரும்போது ஒரு டயர் எவ்வளவு பெரிதாகும் என்பது எதிரே நின்றவனுக்குத்தான் தெரியும். தரை அதிர்வது காலில் தெரிந்தது. கண்ணை மூடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஜீப் மூக்கைத் தாழ்த்தியது. தார் ரோட்டில் ரப்பர் தேயும் சத்தம், மூட்டைகள் முன்னால் சரியும் சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. பழத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. மேலேயிருந்து மச்சினன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அக்காள் புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லை. நான் சிரித்தேன்.

அவள் வந்து பழத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். தம்பியை இறங்கச் சொன்னாள். சீட்டில் ஏறி, வெறுங்காலால் ஒருமுறை முழுதாக மிதித்து, மெல்லக் காலை எடுத்தாள். வண்டி நின்றாகிவிட்டது, முழத்தைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வருது" என்றாள்.

அந்த ஜீப் எங்களிடம் இருந்த வரைக்கும், காலையில் அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் சாவியை நான் மச்சினன் கையில் கொடுத்ததில்லை.